பதினேழாம் இலக்கப் பறவை

"இது தானாகச் செத்த கொக்கு இல்ல. கழுத்தைத் திருகிக் கொன்றிருக்கு."

பற்றிக் மேசையில் கிடந்த பறவையிலிருந்து கையை எடுத்தார். எதிரே நின்ற சீதேவிப்பிள்ளைதான் அதைக் கொண்டுவந்தவள். வெறுமையான பனையோலை உமல் பையை நாலாக மடித்துக்கொண்டு நின்றாள்.

வாவிக்கரையில் இருந்த அந்த இரண்டறைப் பறவை ஆய்வு நிலையத்தில் பற்றிக்கைத் தவிர வேறு ஆள் இல்லை. கூட வேலை செய்தவர்கள் சண்டைக்குப் பயந்து ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். மனைவி பீற்றிஸும் பிள்ளைகளும் கனடாவுக்குப் போய் ஏழு வருசம். கடிதம் வருவதும் குறைந்துவிட்டது. சில நாட்களில் அவர் குரல் அவருக்கே கேட்காது. சுற்றிவர இருந்ததெல்லாம் போத்தல்களில் மிதக்கும் பறவை ஈரல்கள்தான்.

'செத்த நீர்ப்பறவை கொண்டு வந்தால் ஒரு சவர்க்காரம்' என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார். தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. வாவிக்கு மேற்கே, ஆமி சாமான் போகவிடாத படுவான்கரையில், குளிக்கத் தோய்க்கச் சவர்க்காரத்தைக் கண்ணால் காண்பதே அருமை. ஆனாலும் வள்ளம் ஏறி, ஆமிக்காரனின் சென்றிக் காவலைத் தாண்டி, செத்த கொக்கோடு யார் வருவார்கள்?

இவள் வந்தாள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து கிழமைக்கு ஒன்று, பிசகாமல்; இதன் இலக்கம் பதினேழு. சென்றியில் துவக்கு முனையால் உமலைக் கிளறிப் பார்த்துச் சிரிப்பார்களாம். அதையும் சகித்துக்கொண்டு வந்தாள். நல்ல மனுசி என்றுதான் பற்றிக் நினைத்திருந்தார்.

"ஒரு சவர்க்காரக் கட்டிக்காக ஒரு உயிரைக் கொன்றிருக்கிறாய். வெட்கமா இல்லையா உனக்கு?"

இதுவரை 'நீங்க' என்று பேசியவர்.

"ஓம் சேர், நாந்தான் திருகினன்." அவள் தலை குனியவில்லை. "போன கிழமை கரையில ஒண்டும் சாகல்ல. இது மட்டும் செட்டை தொங்க நிண்டிச்சு. பறக்க ஏலாது. இது சாகுமட்டும் பார்த்திரிக்க எனக்கு நேரமில்ல."

"நேரமில்லையா? இந்தா, சவர்க்காரம். இனி இந்தப் பக்கம் வராத."

அவள் அதைத் தொடவில்லை.

"சவர்க்காரம் வேணாம் சேர். மறுமொழியச் சொல்லுங்க."

"என்ன மறுமொழி?"

"இதுகள் ஏன் சாகுது எண்டு."

பற்றிக்கின் கண் மேசை லாச்சிக்குப் போனது. மறுமொழி லாச்சிக்குள் கிடந்தது. வந்து இரண்டு மாசம். அனுப்பிய ஈரல் அத்தனையிலும் ஈயம் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்று கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள். அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த மாசம் டொரொண்டோவில் ஒரு மாநாடு. யாரும் அறியாத ஆய்வு என்றால்தான் எடுப்பார்கள். எடுத்தால் விசா கிடைக்கும். பீற்றிஸின் முகத்தை ஒருமுறை பார்க்கலாம். ஒரு மாசம் பொறுத்தால் என்ன, கொக்குகள்தானே என்று நினைத்திருந்தார்.

"அது இன்னும் வெளியில சொல்லக்கூடாது."

"வெளியில வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "கொக்குக்குச் செட்டை தொங்கின மாதிரி என்ட மகள்ற கையும் தொங்குது சேர். மணிக்கட்டத் தூக்க ஏலாது. வயித்துக்குத்தில உருளுறாள். எங்கட பக்கம் டொக்டர் இல்ல. நாட்டுப் பரியாரி வயித்துப் பூச்சி எண்டார். கோயில்ல நூல் கட்டினம். ஒண்டுக்கும் கேக்கல்ல."

மணிக்கட்டுத் தொங்குவதும் வயிற்றுக்குத்தும் ஈயம் ஏறியதன் அடையாளம் என்று பற்றிக்குக்குத் தெரியும்.

"உங்கட வீட்டு வளவில பற்றரி உருக்குறவங்களா?"

"எங்கட மனுசன்தான் உருக்குறவர். பழைய லொறிப் பற்றரிய உடைச்சு, வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர். சண்டைக்குள்ள வேற என்ன தொழில்? மகள் அந்தச் சாம்பலுக்குள்ளதான் விளையாடுவாள்."

"மிச்சத்த எங்க கொட்டுற?"

"வாவிக்குள்ளதான்."

பற்றிக் கதிரையில் இருந்தார். பிறகு எழுந்து லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார்.

"ஈயம்தான். அது நஞ்சு. பறவையளுக்கும் அதுதான், பிள்ளைக்கும் அதுவாத்தான் இருக்கும். இண்டைக்கே உருக்கிறத நிப்பாட்டச் சொல்லுங்க. கரையில மட்டி, மீன் ஒண்டும் எடுக்கவேணாம். நாளைக்குப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வாங்க, ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன்."

ஆஸ்பத்திரி டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். கொழும்புத் தாளையும் அதோடு சேர்த்து மடித்தார். நாளைக்கு இது ஊரெல்லாம் தெரிந்துவிடும். டொரொண்டோ இனி இல்லை. கடிதத்தை ஒட்டி நீட்டினார்.

அவள் வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். கும்பிட்டுவிட்டு வாசல் வரை போனாள்.

பற்றிக்குக்கு மனம் ஆறவில்லை.

"நாலு மாசமாக் கொக்குக் கொக்காக் கொண்டுவந்தீங்களே. முதல் நாளே பிள்ளையக் கொண்டுவந்திருக்கலாமே?"

சீதேவிப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"முதல் நாள் பிள்ளையத்தான் கொண்டுவந்தன் சேர். தோள்ல போட்டுக்கொண்டு இந்த வாசல்லதான் நிண்டன். 'இங்க மனிசரப் பார்க்கிறல்ல, பறவையள மட்டுந்தான்' எண்டு நீங்கதானே கதவைச் சாத்தினீங்க."