கண் மூடிய சோலோ

மானேஜர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மேடையை நோக்கி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

சாக்ஸபோன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு விரல் என்றால் சோலோ, தனி ஆவர்த்தனம். பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு வழிவிட, இவர் கண்ணை இறுக மூடினார். ஜாஸ் சோலோவுக்கு எழுதிவைத்த பாட்டு கிடையாது, மனதில் தோன்றுவதை ஊத வேண்டும். இவருக்கு நிறையத் தோன்றும். அன்றைக்குப் பதினோரு நிமிடம் தோன்றியது.

கண்ணைத் திறந்தபோது மானேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த உணவகத்தில் இரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டு வேளையில் இருவரும் வாசிக்கிறார்கள். பக்கத்தில் புது அலுவலகக் கட்டடம் வந்ததிலிருந்து கூட்டம் அலைமோதியது. ஆனாலும் அன்று மேசைகளைத் துடைத்த பிறகு மானேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

"முதலாளி செலவைக் குறைக்கச் சொல்றாரு. திங்கள்கிழமையிலேருந்து ஒருத்தர் போதுமாம். வாசல் போர்டுல 'நேரடி ஜாஸ்'னு இருக்கணும், அவ்வளவுதான். யாருன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்."

யார் என்று சொல்ல ஜோசியமா பார்க்க வேண்டும்? பியானோக்காரர் வாசித்தால், ஜன்னலோரத்து வயதான தம்பதி காபி ஆறுவதுகூடத் தெரியாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். சாக்ஸபோன்காரரின் வாசிப்புக்கு அப்படி மயங்கியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சாக்ஸபோன்காரர்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுக் கலங்கவில்லை. "நல்லதாப் போச்சு. அண்ணன் பெயிண்ட் கடையில ஆள் இல்லாம தவிக்கிறாரு. கேட்ட நிறத்தைக் கலந்து குடுக்கணும். மாசச் சம்பளம்."

"நான் ஆர்ட்டிஸ்ட்."

"அங்கயும் கலர்தான்."

ரோஷம் வந்து, போனில் பதிவு செய்துவைத்திருந்த சோலோவைப் போட்டுக் காட்டினார். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். மூன்றாவது நிமிடத்தில் அவள் கை நின்றது.

"என்னங்க இது, நடுவுல கரகரன்னு?"

"நாற்காலி இழுக்கிற சத்தம். எழுந்து நின்னு கேக்கிறாங்க."

"எழுந்து நின்னவங்க கை தட்டலையே?"

"மெய்மறந்து நிக்கிறவனுக்குக் கை இருக்கிறது எப்படி ஞாபகம் வரும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்கன்னு அண்ணன்கிட்ட சொல்றேன்" என்று பட்டாணிக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஊதுகிற சங்கை ஊதிவிட்டு வருவோம் என்றுதான் போனார். வாசித்து முடித்து, சாக்ஸபோன் மாட்டிய கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது மானேஜர் வந்தார்.

"சாக்ஸ் சார் இருக்கட்டும்."

சாக்ஸபோன்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது சாக்ஸபோனோடு நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை.

பியானோக்காரர் பியானோவை மெல்ல மூடினார். "விடுய்யா. எனக்கு டியூஷன் பிள்ளைங்க இருக்காங்க, சமாளிச்சுக்குவேன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேப்பியா? ஒரு நாளாவது கண்ணைத் திறந்து வாசி."

பொறாமை என்று நினைத்தார் இவர். நினைத்ததற்காக உடனே வெட்கப்படவும் செய்தார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே மைத்துனருக்குப் போன் போட்டார்.

"மச்சான், வேற ஆளைப் பாத்துக்குங்க. இங்க என்னை விடமாட்டேங்கிறாங்க."

"மாப்பிள்ளை, நிஜமாவா? எதுக்கும் மானேஜர்கிட்ட இன்னொரு தடவை கேட்டுக்குங்க."

"நீங்க பெயிண்டைப் பாருங்க, மச்சான்!"

திங்கள்கிழமை மேடையில் தனியாக நின்றார். பியானோ மேல் துணி போர்த்தியிருந்தது. அதைப் பார்த்ததும் சோலோ எதுவும் தோன்றவில்லை. நண்பர் வழக்கமாக வாசிக்கும் ஒரு சின்ன மெட்டைத்தான் ஊதத் தோன்றியது. அலங்காரம் ஏதும் வைக்காமல், மெதுவாக, அவர் கேட்டுக்கொண்டபடி கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு ஊதினார்.

ஜன்னலோரத்து அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கணவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நடு மேசையில் நான்கு பேர் பேச்சை நிறுத்தினார்கள். பில்லைக் கட்டிவிட்டு எழுந்த ஒருவர் மறுபடி உட்கார்ந்தார். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. சாக்ஸபோன்காரருக்குக் கண் கலங்கியது. இருபது வருடமாக ஊதுகிறார், கேட்கிறவர்கள் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அப்போது மானேஜர் வேர்க்க விறுவிறுக்க மேடைக்கு ஓடி வந்தார். முகத்தில் கவலை. ஒரு விரலைத் தூக்கியபடியே சாக்ஸபோன்காரரின் காதோரம் வந்தார்.

"என்ன சார் இது, ஒருத்தர்கூட எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க! வாசல்ல பதினாறு பேர் நிக்கிறாங்க. சட்டுனு உங்க சோலோவை எடுங்க சார், எனக்கு நாலு டேபிள் வேணும்!"