புகைபோக்கியைக் கட்டிப்பிடித்தவர்

மிச்சித்மா இன்னொரு தீக்குச்சியைக் கிழித்தாள்.

அடுப்பு பற்றவில்லை. புகை மட்டும் மேலே போகாமல் அவள் முகத்துக்கே திரும்பி வந்தது.

கல்யாணக் கூடாரம், புது அடுப்பு. முதல் நெருப்பை மணப்பெண்தான் மூட்ட வேண்டும். அதில் கொதிக்கும் முதல் தேநீரை அவள் கையால் வாங்கிக் குடித்த பிறகுதான் அவளை மருமகள் என்பார்கள். சொந்தக்காரர்கள் தோளோடு தோள் இடிக்க வட்டமாக உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மங்கோலியக் குளிர். வாசலில் யாராவது துப்பினால் தரையில் கூழாங்கல் விழுந்த சத்தம் கேட்டது.

"விறகு காய்ஞ்சதுதானே?" என்றாள் மாமியாரின் அக்கா தோல்கோர்.

"போன வருஷம் வெட்டினது. எலும்பாட்டம் காய்ஞ்சிருக்கு" என்றார் மாமனார் கல்சான்.

"அப்ப விறகு மேல குத்தமில்ல." தோல்கோர் பக்கத்திலிருந்தவளிடம் ரகசியம் பேசினாள். ஏரிக்கு அக்கரை வரை கேட்கிற ரகசியம். "எங்க பக்கம் ஒருத்திக்கு இப்படித்தான். நெருப்பு அவளை ஏத்துக்கல. பனி உருகறதுக்குள்ள அம்மா வீட்டுக்கே மூட்டை கட்டிட்டா."

மிச்சித்மாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நல்லவேளை, புகை இருந்தது. அழுகை என்று யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொடுத்த சீதனம்தான் இந்த அடுப்பு. ஒரு கீறல் விழாமல் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பியவள், இப்போது தலையை நிமிர்த்தவே இல்லை.

"புகைக்குழாயை இறக்கிப் பார்த்துடலாம். எல்லாரும் பார்க்கவே பிரிச்சுட்டா சந்தேகம் தீர்ந்துடும்" என்று கல்சான் எழுந்தார்.

கதவு தடாலென்று திறந்தது.

கல்சானின் தம்பி ஜம்பா. அந்த வட்டாரத்தில் அவர் குடித்துவிட்டு விழாத கல்யாணமே கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவன் குதிரைக்கு முத்தம் கொடுத்து ஆசீர்வாதம் செய்தார். இன்னொன்றில் ஒட்டகத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். சுருதி சேரவில்லை என்று ஒட்டகம் பாதியில் எழுந்து போய்விட்டதாம்.

"எங்க என் மருமக?" என்று பாடிக்கொண்டே வந்தார். ஒரு கால் கிழக்கே போனது, ஒரு கால் மேற்கே போனது. நேராக வந்து புகைக்குழாயைக் கட்டிப்பிடித்தார். குழாயோடு சேர்ந்து சாய்ந்தார். இவ்வளவு நேரம் உள்ளே தேங்கிய புகைக்கரி மழையாகக் கொட்டி, தோல்கோரின் வெள்ளைத் தொப்பி நொடியில் கறுப்புத் தொப்பியாகிவிட்டது.

"இன்னிக்குமாடா? மானத்தை வாங்கவே பொறந்தியா?" கல்சான் கத்தினார்.

"கோச்சுக்காதண்ணே. நான் சாய்ச்சதை நானே நிறுத்திடறேன்."

யாரும் பிடுங்குவதற்குள் குழாயை மணப்பெண்ணைத் தூக்குவதுபோல் ஏந்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் பாட்டு. அப்புறம் தன் குதிரையோடு ஏதோ வாக்குவாதம்.

திரும்பி வந்து குழாயை மாட்டி, "இப்பக் கொளுத்து தாயி" என்றார்.

கொளுத்தினாள். அடுப்பு வேட்டைநாய் மாதிரி உறுமியது. கொஞ்ச நேரத்தில் கூடாரம் முழுக்கச் சூடு பரவ, ஆளாளுக்குத் தொப்பியைக் கழற்றினார்கள்.

"கை ராசி. நான் அப்பவே சொன்னேன்" என்றாள் தோல்கோர், கரியைத் துடைத்தபடி.

பாலும் உப்பும் போட்ட தேநீர் கொதித்தது. முதல் துளி நெருப்புக்கு, பிறகு பெரியவர்களுக்கு. ஜம்பாவைக் குளிரடிக்கும் வாசலோரம் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.

"அவனுக்குக் கடைசியாக் குடுத்தாப் போதும்" என்றார் கல்சான்.

மிச்சித்மா கடைசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். கோபம்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வருகிற நாளில் இந்த மனுஷன் வந்து விழ வேண்டுமா?

குனிந்து நீட்டினாள். அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, அங்கியின் மார்புப் பக்கத்தை லேசாக விலக்கிக் காட்டினார்.

உள்ளே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. கரி அப்பியிருந்தாலும் சிவப்பு விளிம்பு தெரிந்தது. அம்மாவின் பின்னல்.

"தகரம் நசுங்கக் கூடாதுன்னு உங்கம்மா குழாய்க்குள்ள திணிச்சிருக்காங்க போல. எடுக்க மறந்துட்டாங்க." குரல் தெளிவாக, மெதுவாக வந்தது. "குதிரை மேல வர்றப்பவே கூரைக்கு மேல குழாய் வாயில சிவப்பா நீட்டிட்டிருந்தது தெரிஞ்சுது. உள்ள அண்ணன் எல்லார் முன்னாலயும் பிரிக்கறேங்கிறான். அடுப்பப் பார்த்துக் காலை நீட்டினாலே நெருப்பை அவமதிச்சுட்டான்னு சொல்ற கூட்டம் இது. நெருப்போட தொண்டையிலயே காலுறைன்னா, உங்கம்மாவைச் சும்மா விடுவாளா தோல்கோர்?"

அவள் அம்மா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு போதையிலயும் இதை யோசிச்சிருக்கீங்களே, மாமா."

"போதையா? காலையிலேருந்து நாக்குல ஒரு சொட்டு படல. இங்க வந்து குடிச்சுக்கலாம்னு நம்பி வந்தேன்." ஜம்பா பெருமூச்சு விட்டார். "இனி எவன் எனக்கு ஊத்துவான்?"

மிச்சித்மா எழுந்து போனாள். மாமனார் முன்னால் இருந்த சாராயக் கூஜாவை எடுத்து வந்தாள். இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றி, இரண்டு கைகளாலும் ஏந்தி, குடும்பத்தில் மூத்தவருக்குக் கொடுப்பதுபோல் ஜம்பாவுக்குக் கொடுத்தாள்.

"குடிகாரனுக்குப் போயி மரியாதை பாரு" என்று முணுமுணுத்தாள் தோல்கோர். "பாவம், புதுப்பொண்ணு. இங்க யாரு எப்படின்னு இன்னும் தெரியல."