பன்னிரண்டு துளைகள்

“யோவ் வில்பர்ட்! இந்தத் துளையெல்லாம் போட்ட புத்திசாலி யாருய்யா?”

படகுத்துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார் ஆரின் ஹில்ட்ஸ். கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பழைய படகின் மேல்தளத்தில் அவர் மண்டியிட்டிருந்தார். கால் வைத்தால் அமுங்குகிறது என்று ரிப்பேருக்கு வந்த படகு. கைப்பிடிக் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேலே இருந்த ஃபைபர்கிளாஸை ஒரு பாய் அகலத்துக்கு அறுத்துத் தூக்கியிருந்தார். அடியில் பதித்திருந்த, பஞ்சுபோல லேசான பால்சா மரப்பலகை தண்ணீரில் ஊறி, கறுப்புக் கூழாகக் கிடந்தது.

“நான்தான்,” என்றார் படகின் சொந்தக்காரர் வில்பர்ட் கார்க்கம், ஏணியில் நின்றபடி.

“நீயா? முப்பது வருஷம் மீன்பிடிக் கப்பல்ல இன்ஜினைக் கட்டி மேய்ச்ச நீயா? இந்தக் கைப்பிடிக் கம்பிக்கு வரிசையா பன்னிரண்டு துளை. ஒண்ணுலயாவது அடைப்பு இருக்கா? துளையைப் பெரிசாப் போட்டு, எபாக்ஸிப் பசையை ஊத்தி அடைச்சு, அது காய்ஞ்சப்புறம் அதுக்குள்ளதான் ஸ்க்ரூவை இறக்கணும். நம்ம லூனன்பர்க் ஊர்ல பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!”

“தப்புதான்.”

“தப்பா? மழையையும் பனியையும் ‘வாங்க, உள்ள வந்து உட்காருங்க’ன்னு கூப்பிட்டிருக்கே!”

பக்கத்துப் படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வில்பர்ட்டின் காது மடல் சிவந்துவிட்டது. ஆரினுக்கு எதையும் மன்னிக்கத் தெரியும், அரைகுறை வேலையைத் தவிர.

“அப்புறமா ஆசைதீரத் திட்டிக்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள மூடிடுவியா?”

“அதென்ன வெள்ளிக்கிழமை?”

வில்பர்ட் குரலைத் தணித்துக்கொண்டார். “அன்னிக்குத்தான் லியோனா ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து வர்றா, தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. அவ கண்ணுல இது படவே கூடாது, ஆரின். கையெடுத்துக் கும்பிடறேன்.”

“ஓகோ! பொண்டாட்டிக்குப் பயமா?”

“அப்படியே வச்சுக்கோ.”

“என்னால முடியாதுய்யா. அவங்க கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன்.”

வில்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினார். ஆரினுக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. படகைப் பாழாக்கியது போதாதென்று கட்டினவளிடம் மறைக்க வேறு பார்க்கிறானே, இவனெல்லாம் ஒரு ஆம்பளை!

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இப்படிப் பேசிய அன்றைக்கே மத்தியானம் லியோனாவின் கார் துறைக்குள் நுழைந்தது.

“தங்கச்சி வளர்க்கிற நாய் ராத்திரி பூரா குரைக்குதுப்பா, என்னால முடியல,” என்று சொல்லிக்கொண்டே மீன் சூப் பாத்திரத்தோடு இறங்கியவள், படகைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கார்மேலேயே வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள்.

“இதென்ன கோலம், வில்பர்ட்?”

“என் தப்பு, லியோனா. நான்தான் கவனிக்காம...”

அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. “ஐயோ, என் கம்பியை ஏன் கழட்டினீங்க?”

“உங்க கம்பியா?” என்றார் ஆரின்.

“பின்னே? பக்கவாதம் வந்து இவரு ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பின வருஷம் போட்டது. கால் இழுத்துக்கிட்டிருந்துச்சே, படகுல நடக்கப் பிடிமானம் வேணாமா? நானே துளை போட்டேன், நானே மாட்டினேன். அதுக்கு முன்னாடி டிரில்லைக் கையால தொட்டதுகூட இல்ல!”

அவள் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

“இவருக்கு அப்ப பேச்சும் போயிருந்துச்சு. கார்ல உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு. நான் துளை போடப் போட, இன்னும் வேகமா ஆட்டறாரு! பாவம், அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.”

ஆரின் அந்தத் துளைகளைப் பார்த்தார். பிறகு வில்பர்ட்டைப் பார்த்தார். வில்பர்ட் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“பேச்சு வந்ததும் முதல்ல என்ன சொன்னாரு தெரியுமா? ‘கம்பி நல்லா இருக்கு’ன்னாரு. அதைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் திரும்ப நடக்கவே ஆரம்பிச்சாரு.” லியோனாவுக்குக் கண் கலங்கியது. சட்டென்று முகம் மாறியது. “ஆமா, தளம் எதனால இப்படி இத்துப்போச்சு ஆரின்? என் கம்பியால ஒண்ணும் இல்லையே?”

பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன.

காலையிலிருந்து யாரை, எதற்காகத் திட்டினோம் என்று நினைக்கவே ஆரினுக்கு வெட்கமாக இருந்தது. அறுத்தெடுத்த துண்டை மெல்ல இழுத்துப்போட்டு, பன்னிரண்டு துளைகளும் மறையும்படி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு காலையைவிடச் சத்தமாகக் கத்தினார்:

“உங்க கம்பியாலயா? நல்லாக் கேட்டீங்க! நங்கூரக் கயிறு கட்டற கட்டையை இந்த மடையன் மாட்டின லட்சணத்தாலம்மா! அதையும் உங்க கையில விட்டிருந்தா, இந்தத் தளம் இன்னும் நாப்பது வருஷம் கல்லு மாதிரி நின்னிருக்கும்!”