உள்ளங்கால் மருந்து

மருந்து தடவத் தொடங்கி அது எட்டாம் நாளா, ஒன்பதாம் நாளா என்று வதனிக்கு இப்போது சரியாக நினைவில்லை. அவள் கணவன் உதயரூபன் தன் தடித்த உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான்.

"இஞ்ச பாரு கா, ஒரு பொட்டும் உரியல்ல. ஒரு கிழமையில செத்த தோல் கழண்டு கால் மெத்தெண்டு வரும் எண்டாரே டொக்டர்."

"புதுத்தோல் வர ஒரு மாசம் செல்லுமாம்," என்றாள் வதனி. குப்பியில் இருந்ததை இன்னும் கொஞ்சம் வழித்துத் தடவினாள்.

"நாளைக்கே போய்க் கேக்கப்போறன்."

"நாளைக்குத் தீமிதிப்புத்தானே. நேர்த்திய முடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் அவன் அந்தத் தடித்த காலோடு தணலைக் கடந்தான். ஒரு கொப்புளமும் இல்லை. அம்மனைக் கும்பிட்டான், டொக்டரைத் திட்டினான்.

அதற்கடுத்த நாள் வதனி மருந்துக் குப்பியில் தான் நிரப்பியிருந்த வாசிலினை வழித்து எறிந்தாள். அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்த உண்மையான மருந்தை எடுத்துத் தடவினாள்.

பத்து நாளில் தோல் உரிந்தது. டொக்டரிடம் அவன் திரும்பப் போகவேயில்லை.