பார்த்து வாசிக்கணும்

"எழுதப் படிக்கத் தெரியாத ஆளை வச்சுக்கிட்டு ஒரு குழு நடத்துறதே தப்பு சார்" என்றாள் வயலின் வாசிக்கும் அம்மாள், எல்லார் முன்னாலும்.

கிட்டார்காரர் பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

அவருக்குச் செய்தித்தாளெல்லாம் கண்ணாடி போடாமலே படிக்க வரும். வராதது நோட்டேஷன். ஐந்து கோடு போட்டு, அதன்மேல் தலைப்பிரட்டைகளை மேயவிட்டதுபோல் இருக்குமே, அந்தத் தாள். இருபத்திரண்டு வருஷமாக, காதால் கேட்டதை வைத்தே ஹோட்டல் வரவேற்பறையில் மாலை நேரக் குழுவில் வாசித்துக் காலம் தள்ளிவிட்டார்.

இப்போது கையசைத்துக் குழுவை நடத்தப் புது கண்டக்டர் வந்திருந்தார்.

"வர்ற மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து, எந்தப் பாட்டா இருந்தாலும் எல்லாரும் பார்த்துத்தான் வாசிக்கணும். முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க. வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் பதினொரு வருஷமா பார்த்துத்தான் வாசிக்கிறேன் சார். மிஸ்டர் கிட்டாரைக் கேளுங்க" என்றாள் வயலின் அம்மாள்.

"கத்துக்கறேன் சார்" என்றார் மிஸ்டர் கிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"கண்டக்டர் விசில் ஊதிட்டா இறங்கித்தானே ஆகணும் மாப்பிள்ளை?"

மனைவி அம்மாவை முறைத்துவிட்டு, மறுநாளே ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். இரண்டே நாளில் அவள் படித்துப் புரிந்துகொண்டாள். அவருக்குத்தான் ஏறவில்லை. கடைசியில் கொல்லையில் இரண்டு கம்பம் நட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கயிறு கட்டி, அவருடைய சாக்ஸையெல்லாம் அதில் கிளிப் போட்டு மாட்டினாள்.

"கறுப்பு சாக்ஸ்னா ஒரு தட்டு. வெள்ளைன்னா ரெண்டு தட்டு. கீழ்க் கயித்துல இருக்கே, அது ஏ-யா, பி-யா, என்ன?"

"ஈ."

"எங்க?" என்று மாமியார் துண்டை எடுத்து விசிறினார்.

கிட்டாரில் இன்னொரு தொல்லை. ஒரே நோட்டு கழுத்தில் மூன்று இடத்தில் இருக்கும். எங்கே பிடிப்பது என்று அவர் தேடி முடிப்பதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

"கை பக்கத்துல எது இருக்கோ அதைப் பிடிங்களேன்" என்பாள் மனைவி.

"அப்படித்தானே இத்தனை வருஷமா வாசிச்சேன்."

"அது தெரியாம பிடிச்சது. இது தெரிஞ்சு பிடிக்கறது."

ஒருநாள் வந்து பார்த்தால் ஐந்து கயிற்றையும் மறைத்துக்கொண்டு பெரிய வெள்ளைப் போர்வை தொங்கியது.

"இது என்ன நோட்டு அத்தை?"

"காயற வரைக்கும் இழுத்து வாசிங்க மாப்பிள்ளை."

அந்த மாதம் முழுக்க அவர் வெறுங்காலில் ஷூ மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். ஆனால் முப்பதாம் தேதி, எந்தக் கயிற்றில் எந்த சாக்ஸ் தொங்கினாலும் விரல் தானாகப் போனது.

ஒன்றாம் தேதி. கண்டக்டர் கையைத் தூக்கினார்.

கிட்டார்காரர் ஆடாமல் அசையாமல், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி தாளையே பார்த்து வாசித்தார். ஒரு நோட்டு பிசகவில்லை. எட்டு வரி முடிந்தது. அடுத்து வயலின் சேரவேண்டிய இடம்.

வயலின் சேரவில்லை.

இரண்டு வரி தள்ளி, வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. அதை நம்பிப் புல்லாங்குழல் பின்னால் போனது. டிரம்ஸ்காரர் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"யார் விட்டது?" என்று கண்டக்டர் மேடையிலிருந்து இறங்கினார். "வயலின், உங்க தாளைக் காட்டுங்க. எந்த இடத்துல நிக்கறீங்க?"

அவள் சட்டென்று வில்லால் ஸ்டாண்டை மறைத்தாள். பக்கத்து நாற்காலிதான் கிட்டார்காரருடையது. எந்த இடம் என்று விரலால் காட்டலாமென்று எட்டிப் பார்த்தார். நோட்டேஷன் தாளின்மேல் பழுப்பேறிய சின்னக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் படித்தார். மெல்ல உரித்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தப்பு என்னோடது சார். நான் ஒரு வரி தாண்டிட்டேன். அவங்க குழம்பிட்டாங்க."

"கத்துக்கறேன்னு சொன்னீங்களே?"

"புதுசு சார்."

"இன்னொரு தடவை பாக்கறேன். மறுபடி விட்டீங்கன்னா உங்களுக்கு இங்க இடம் இல்ல."

மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை கிட்டார்காரர் நாற்காலியை வயலின் அம்மாள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தாள் இருக்கும் திசைக்கே கண் போகவில்லை. பழையபடி உடம்பெல்லாம் ஆட வாசித்தார். பாட்டு வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போய் முடிந்தது.

கண்டக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தாளைப் பார்த்து வாசிச்சா எப்படி இருக்குன்னு இப்பவாவது புரியுதா?"

"நல்லாப் புரியுது சார்" என்றார் கிட்டார்காரர்.

எல்லாரும் போன பிறகு வயலின் அம்மாள் பெட்டியை மூடாமலே நின்றாள்.

"கண்டக்டர்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"எதை? சனிக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்க மேடம். என் சம்சாரம் பொறுமையாச் சொல்லித் தருவா. எனக்கே ஏறிடுச்சு."

காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதி வைத்துக்கொண்டது அது.

'கிட்டார் அண்ணன் இடது காலைத் தட்டினா, ஆரம்பிக்கணும்.

கண்ணை மூடினா, மெதுவா.

புருவம் தூக்கினா, நிறுத்தணும்.

என்னைப் பார்த்துச் சிரிச்சா, நான் தப்பா வாசிக்கிறேன். பயப்பட வேண்டாம், யார்கிட்டயும் சொல்ல மாட்டார்.'