வாய்க்கட்டு

"ஓட்டுப்பதிவு முடியிற வரைக்கும் இவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

டாக்டரம்மா சொன்னதும், கூட வந்திருந்த கட்சிக்காரர்கள் இருவருக்கும் முகம் செத்துப்போனது.

பின்னே? நோயாளி சாதாரண ஆளா? 'இடிமுழக்கம்' என்று ஊரே கூப்பிடும் பேச்சாளர். மேடையேறி "என்னைப் பெத்த தாய்மாரே!" என்று ஒரு இழு இழுத்தால், எதிர்க்கட்சிக்குப் போட இருந்த ஓட்டும் இளகி இந்தப் பக்கம் வந்துவிடும்.

அந்த எதிர்க்கட்சியின் வேட்பாளரே டாக்டரம்மாதான். என்ன செய்ய, ஊரில் தொண்டைக்கு வேறு டாக்டர் இல்லை.

"நாளைக்குக் கடைசிக் கூட்டம்மா. ஒரு ஊசி போட்டு..."

"ஊசியெல்லாம் வேலைக்காகாது. கூட்டிட்டுப் போங்க."

இடிமுழக்கம் கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

வாசலில் மருந்துக்கடை வைத்திருந்த டாக்டரம்மாவின் கணவருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, ஒரு மாத்திரைகூட எழுதலையே?"

"தேவைப்படலைங்க" என்றவள், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டாள்.

மறுநாள் இடிமுழக்கத்துக்குப் பதில் வேறொருவர் மேடையேறினார். தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மிச்சத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார்.

டாக்டரம்மா மயிரிழையில் ஜெயித்தாள். வீடு கொள்ளாமல் ஆட்கள். கணவர் மட்டும் கடையை விட்டு அசையவில்லை.

"ஜெயிச்ச வீட்டுல இப்படியா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்க?"

"ஜனங்க உன் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டிருந்தா நானும் கூத்தாடியிருப்பேன். அந்த மனுஷன் வாயை அடைச்சில்ல ஜெயிச்சிருக்கே! உண்மையைச் சொல்லு, அவர் தொண்டைக்கு என்ன?"

"ஒண்ணுமே இல்லை. கிண்ணுன்னு இருந்துச்சு."

"அடிப்பாவி! வைத்தியத்துலயா அரசியல்?"

டாக்டரம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாயைக் கட்டிவிடச் சொன்னதே அவர்தாங்க, உள்ளே தனியாத் தொண்டையைப் பார்த்தப்போ. ஓட்டு எண்ணி முடியிற வரைக்கும் உங்ககிட்டகூட மூச்சு விடக்கூடாதுன்னு கெஞ்சினார்."

"அவரா? எதுக்கு?"

"நீங்க கெட்டுப்போன மருந்துக்குத் தேதியை மாத்தி ஒட்டி விக்கிறீங்கன்னு பேசச் சொன்னாங்களாம். மாட்டேன்னா கட்சியில இருக்க முடியாதாம். 'பச்சைப் பொய், டாக்டரம்மா. ஆனா நான் சொன்னா ஜனங்க நம்பிடுவாங்களே'ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுட்டார்!"