இவானோவும் வட்டக் கதவும்

இவானோ சோப்புப் பொடியை மறுபடியும் தரையில் கொட்டினான். ஒர்னெல்லா தடுக்கவில்லை. சிந்தியதைப் படம் எடுத்தாள்.

"எழுதிக்கிட்டே இருக்கியே, சொல்லிக் குடேன்" என்று சிணுங்கினான்.

"நீயே கண்டுபிடி" என்றாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகர மழலையர் பள்ளிகளில் ஆசிரியைக்கு அதுதான் வேலை. பிள்ளை கற்பதைப் பார், தலையிடாதே, படமும் பேச்சுமாகச் சுவரில் ஒட்டு. திங்கட்கிழமை போலோன்யா பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள். ஒர்னெல்லாவின் சுவர் மட்டும் காலி. அன்றும் காலியாக இருந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று மேற்பார்வையாளர் ஃபியோரென்சா சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை சுவர் நிறைந்திருந்தது. வாஷிங் மெஷினின் வட்டக் கதவுக்குள் பொங்கிய நுரை. ஊர்க் கால்பந்து அணியின் கருஞ்சிவப்புச் சால்வையோடு சேர்ந்து சுழன்றதில் இளஞ்சிவப்பாகிப்போன படுக்கை விரிப்புகள். பிள்ளைகளின் முகம் தெரியக் கூடாது என்பது ஃபியோரென்சாவின் சட்டம். ஒர்னெல்லா கைகாலைக்கூடக் காட்டவில்லை.

கீழே இவானோவின் சொற்கள்: "சிவப்பு எப்படி வெளிய வந்துச்சு? நான் கதவை மூடித்தானே வச்சிருந்தேன்."

"சின்னம்மைன்னு உன் வகுப்புப் பிள்ளைங்க மொத்தமும் வீட்ல கிடந்த வாரமாச்சே, எப்படிம்மா எடுத்தே?" ஃபியோரென்சா காதோரம் கேட்டாள்.

"வீட்லதான் எடுத்தேன்."

தாடி வைத்த பேராசிரியர் கடைசிச் சீட்டின் முன் நின்றுவிட்டார். 'துணியெல்லாம் அலமாரிக்குள்ள தானா மடிஞ்சுக்கும்னு நெனச்சேன்' என்று அதில் இருந்தது. பொருள்களுக்கு உயிர் உண்டென்று நம்பும் பருவம் இது, தயவுசெய்து யாரும் கெடுத்துவிடாதீர்கள் என்று நெடுநேரம் பேசினார். கூட வந்த அம்மாள் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஃபியோரென்சா அந்த இடத்திலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக எல்லார் முன்னாலும் அறிவித்தாள்.

பேராசிரியர் ஒர்னெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அபூர்வமான பிள்ளைம்மா. யாரோ ரொம்பப் பொறுமையா வளர்க்கறாங்க. வீட்ல அவனை யாரு பாத்துக்கறாங்க?"

ஒர்னெல்லா ஃபியோரென்சாவைப் பார்த்தாள். பிறகு இளஞ்சிவப்பு விரிப்புகளைப் பார்த்தாள்.

"நான்தான். கல்யாணம் ஆன நாள்லேருந்து."